கனகா மெதுவாக்கிய மெட்டு

மைசூர் மண்டி மொஹல்லாவில் கனகாவின் வீட்டைத் தேடி வருகிறவர்கள் கதவு எண்ணைக் கேட்பதில்லை. "சாவுப் பாட்டுப் பாடுற அம்மா வீடு எது?" என்று கேட்டால் போதும், சந்து முனையில் பூக் கட்டுகிறவள் கூடத் தலையை நிமிர்த்தாமல் கையைக் காட்டிவிடுவாள். இப்படிச் சொல்லக் கேட்டால் கனகாவின் புருஷன் முனிராஜுக்குச் சுருக்கென்று கோபம் வரும். "என்ன பேச்சு இது, நல்லாப் பாடுற அம்மான்னு சொன்னா வாய் வலிக்குமா?" என்று எகிறுவான். கனகா எகிறமாட்டாள். அந்தப் பெயரைத் தானேதான் தேடிக்கொண்டோம் என்று அவளுக்குத் தெரியும்.

கனகா பிறந்தது கர்நாடகத்தில், ஹனூர்ப் பக்கம் இருக்கும் ராமாபுரத்தில். அப்பாவுக்கு மஞ்சளும் மக்காச்சோளமும் விவசாயம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம், திட்டுவதற்கு இரண்டும். பத்தாவது முடித்து, சில வருடம் வயல்காட்டு வேலை பார்த்து, மண்டி மொஹல்லாவில் பெயிண்ட் கடையில் வேலை செய்த முனிராஜைக் கட்டிக்கொண்டு நகரத்துக்கு வந்தாள். வந்த கொஞ்ச நாளிலேயே மைசூரின் ஹெப்பாள் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. கார்களுக்குள்ளே ஓடும் ஒயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து நாடா சுற்றும் வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டே செய்ய வேண்டும். வாய் சும்மா இருக்கும். ஆனால் லைனில் நிற்கும்போது பேசக் கூடாது. சேர்த்து வைத்த பேச்சையெல்லாம் கம்பெனி பஸ்ஸில்தான் கொட்டித் தீர்ப்பார்கள்.

அந்தப் பஸ்ஸில்தான் பூங்குழலியைப் பார்த்தாள். அவளும் ராமாபுரத்துக்காரிதான். இரண்டு பேர் வீட்டுக்கும் நடுவே ஒரு தெரு. அங்கே இருந்த காலத்தில் பேசிக்கொண்டதே இல்லை. மைசூருக்கு வந்து, பக்கத்துப் பக்கத்துச் சந்தில் குடியிருந்து, ஒரே பஸ் ஏறிய பிறகுதான் சிநேகம் ஒட்டியது. பூங்குழலி கல்யாணத்தை ஒத்திப்போட்டுக்கொண்டே வந்தவள். ஊரில் அம்மா நாச்சம்மாளும் தங்கை மாதேவியும் இருந்தார்கள். மாதேவி அப்போது கொள்ளேகாலில் காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள்.

பூங்குழலிக்குப் பாட்டு எங்கிருந்துதான் வருமோ தெரியாது. கேன்டீன் சாம்பாரில் காய் தேடியதைப் பற்றி ஒரு பாட்டு. மழையில் வேலை செய்யாத பஸ் வைப்பரைப் பற்றி ஒன்று. லைன் லீடரின் சீப்பைப் பற்றி ஒன்று. அவர் தலையில் சீவுவதற்கு அதிகம் எதுவும் இல்லை. மெட்டும் அவளுடையதே, வார்த்தையும் அவளுடையதே. எந்த இடத்திலாவது எதுகை இடித்தால் மட்டும் பக்கத்து சீட்டில் இருக்கும் கனகாவைப் பார்ப்பாள். கனகா ஒரு வார்த்தையை எடுத்துக் கொடுப்பாள். ரங்கம்மா என்ற கன்னடத்துக்காரி டிபன் பாக்ஸில் தாளம் போடுவாள். ரங்கம்மாவுக்குப் பாதித் தமிழ் புரியாது. இருந்தாலும் சரியான இடத்தில் முதலில் சிரிப்பவள் அவள்தான்.

"உனக்கு வார்த்த வருது, மெட்டு வரல," என்பாள் பூங்குழலி கனகாவிடம். "எனக்கு ரெண்டும் வருது. வெக்கந்தான் வரல."

கனகாவும் சிரிப்பாள். உள்ளுக்குள் கொஞ்சம் குத்தும். உண்மை குத்தத்தானே செய்யும்.

ஒருமுறை சீப்புப் பாட்டை யாரோ போனில் பிடித்து யாருக்கோ அனுப்ப, அது சுற்றிச் சுற்றி அந்த லைன் லீடரின் போனிலேயே போய் உட்கார்ந்தது. பெரிய ரகளை. பூங்குழலிக்கு வேலை போகாமல் தப்பித்ததே பெரிய விஷயம். அன்றைக்கே அவள் ஒரு சட்டம் போட்டுவிட்டாள்: பாடும்போது எல்லார் போனும் பைக்குள்ளே இருக்க வேண்டும். "பஸ்ல பொறந்த பாட்டு பஸ்லயே எறங்கிக்கட்டும்," என்றாள். அவள் எதையும் எழுதி வைக்கிற ரகமும் இல்லை. ஒயர் கட்டின் நிறவரிசையையே காகிதம் பார்க்காமல் செய்கிறவள், பாட்டுக்கா காகிதம் தேடப் போகிறாள்?

அவள் கட்டிய பாட்டுகளிலே ஒன்று மட்டும் தனி. அது தங்கை மாதேவியின் கல்யாணத்துக்கு. மாப்பிள்ளை பார்க்கவே ஆரம்பிக்காத காலம். பெண்ணோ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். அதற்குள் அக்காக்காரி நலங்கு வைக்கும்போது மாப்பிள்ளையைக் கிண்டல் செய்து பாட ஒரு பாட்டைத் தயார் பண்ணிவிட்டாள். "எவனா இருந்தாலும் இதுக்குள்ள அடங்கிருவான்," என்றாள். துள்ளித் துள்ளி ஓடும் மெட்டு.

மாப்ள வந்தாரு மைசூரு வண்டியில
மல்லிப்பூ வாங்க மறந்தாரு
மறந்தது என்னன்னு மாமியார் கேட்டா
மணமேடை எங்கேன்னு கேட்டாரு

இப்படி மூன்று சரணம். மூன்றாவதில் மாப்பிள்ளை பந்தியில் உட்கார்ந்திருப்பார். கடைசி வரிக்கு முன்னால் பூங்குழலி பாட்டை அப்படியே நிறுத்திவிடுவாள். பஸ்ஸில் இருக்கும் ஒவ்வொருத்தி முகத்தையும் பார்ப்பாள். "சொல்லுடி, சொல்லுடி" என்று கத்துவார்கள். அவசரப்படமாட்டாள். அப்புறம் கடைசி வரியைப் போடுவாள் பாருங்கள், பஸ்ஸே குலுங்கும். டிரைவர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, முன்னால் போன ஆட்டோவை இடிக்கப் போய்விட்டார். மாதேவிக்கு மட்டும் பூங்குழலி முதல் சரணத்தைத்தான் பாடிக் காட்டியிருந்தாள். மிச்சத்தைக் கல்யாணத்தன்று கேட்டுக்கொள் என்று சொல்லிவிட்டாள்.

பிறகு அந்த மழைக்காலத்தில் பூங்குழலிக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு. சாதாரணக் காய்ச்சல் என்று முதலில் மாத்திரை போட்டுக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நிலைமை கைமீறியிருந்தது. அந்த வாரத்திலேயே போய்விட்டாள்.

கனகா அழுத அழுகை பொய்யில்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு அவளை நடிப்புக்காரி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சோறு இறங்காமல் கிடந்தாள். பஸ்ஸில் அந்த சீட்டில் யாரையும் உட்காரவிடாமல் பையை வைத்துக்கொண்டு வந்தாள்.

அந்த வருடம் தொழிற்சாலையில் ஆயுதபூஜைக்கு மெஷின்களுக்கெல்லாம் வாழைக்கன்றும் சாமந்தியும் கட்டியிருந்தபோது, பூங்குழலிக்கு ஒரு நினைவுப் பாட்டுப் பாட வேண்டும் என்று எல்லாரும் கனகாவிடம் சொன்னார்கள். வேறு யார் பாடுவார்கள்? கனகா உட்கார்ந்தாள். வார்த்தை வந்தது. நிறையவே வந்தது. மெட்டு வரவில்லை. எதை முனகினாலும் ஏதோ ஒரு சினிமாப் பாட்டில் போய் முட்டிக்கொண்டது.

ராமாபுரத்துப் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. மாதேஸ்வரன் மலைக்கு நடந்து போகிற கூட்டத்தில் யாராவது பாட்டுக் கட்டுகிறவர் இறந்துபோனால், அடுத்த வருடம் அவர் மெட்டிலேயே அவர் பேரை வைத்துப் பாடிக்கொண்டு போவார்கள். செத்தவருக்கு அதைவிட மரியாதை இல்லை என்பார்கள். கனகா அதைப் பிடித்துக்கொண்டாள். பூங்குழலியின் மெட்டுகளிலேயே ஆக நல்ல மெட்டு எது என்று பார்த்தாள். யோசிக்கவே வேண்டியதில்லை, அந்த நலங்குப் பாட்டு மெட்டுதான். அதன் துள்ளலை எடுத்துவிட்டு, வேகத்தைப் பாதியாகக் குறைத்து, இழுத்துப் பாடிப் பார்த்தாள். அவளுக்கே உடம்பு சிலிர்த்தது.

பூங்குழல் போனாளே பொன்னான வண்டியில
போகையில் என்னைத் தனிவிட்டாள்
தனிவிட்டதேன் என்று தாயாரு கேட்டா
தாரகை ஆனேன்னு சொல்லிவிட்டாள்

பூங்குழலி உயிரோடு இருந்து இதைக் கேட்டிருந்தால் 'தாரகை' என்ற வார்த்தைக்கே ஒரு பாட்டுக் கட்டியிருப்பாள். ஆனால் அன்றைக்குக் கேட்டவர்கள் எல்லாரும் கரைந்துபோனார்கள். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவ மெட்டுலயே அவளுக்கு அஞ்சலி," என்றாள் கனகா மைக்கில். எல்லாரும் கை தட்டினார்கள். தனக்கு மெட்டுக் கட்ட வராது என்பதை மைக்கில் சொல்ல வேண்டிய அவசியம் என்ன?

ரங்கம்மா ஒருத்திதான் கீழே இறங்கியதும் கேட்டாள்: "ஏய் கனகா, இது அந்த மாப்ள பாட்டுதானே, அல்வா? வேற மெட்டே சிக்கலியா உனக்கு?"

"மரியாதைக்குத்தான் ரங்கம்மா."

"ஏனோப்பா, யாருக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டு ரங்கம்மா பொட்டுக்கடலை பொட்டலத்தைப் பிரித்தாள்.

இதற்குப் போன் தடை கிடையாதே. அன்று பிடித்த வீடியோ ஹெப்பாளைத் தாண்டி, கொள்ளேகால் தாண்டி, ஹனூர், ராமாபுரம் என்று வீடு வீடாகப் போயிற்று. சொந்தக்காரர்கள் அழுதுகொண்டே போன் பண்ணினார்கள். நாச்சம்மாள் அதைத் தினமும் கேட்பதாகச் சொன்னார்கள். சுடுகாட்டு வண்டி ஓட்டுகிற ஒருவர் அந்தப் பாட்டை வண்டியிலேயே போட ஆரம்பித்தார்; அவரைப் பார்த்து மற்ற வண்டிக்காரர்களும் போட்டார்கள். யாரோ ஒருவர் வந்து, செத்துப்போன தன் அம்மா பேரைப் போட்டு அதே பாட்டைப் பாடித் தரச் சொன்னார். கனகா பாடிக் கொடுத்தாள். அப்புறம் ஒருவர் அண்ணனுக்காக வந்தார். அதையும் பாடினாள். பேரை மாற்றினால் போதும், மெட்டு அப்படியே பொருந்திக்கொண்டது.

அடுத்த வருட நினைவு நாளுக்கு இன்னொரு பாட்டு. பூங்குழலியின் சாம்பார்ப் பாட்டு மெட்டு அதற்குப் போயிற்று. அதற்கடுத்த வருடம் வைப்பர்ப் பாட்டு மெட்டு. எல்லாவற்றையும் மெதுவாக்கினாள், எல்லாவற்றிலும் நட்சத்திரமும் கண்ணீரும் வைத்தாள். ஒரு விழாவில் சால்வை போர்த்தி, "தோழிக்காகவே பாடும் குயில்" என்று பேசினார்கள். கனகா தலை குனிந்து நின்றாள். பார்த்தவர்கள் அடக்கம் என்று நினைத்தார்கள். அடக்கமும் இல்லை ஒன்றும் இல்லை. அவளுக்கு அது பிடித்திருந்தது. பூங்குழலி இருந்த காலத்தில் ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கிறவளாக இருந்தவள், பூங்குழலி போன பிறகு பாட்டுக்காரி ஆகிவிட்டாள். இதை நினைக்கிற அன்றைக்கெல்லாம் கனகாவுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருக்கும். மறுநாள் யாராவது பாடக் கூப்பிட்டால் போய்விடுவாள்.

இப்படி ஆறேழு வருடம் ஓடிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதேவி வந்தாள். கையில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை. பக்கத்தில் நாச்சம்மாள். மாப்பிள்ளை கவின்ராஜ் ஹனூர்க்காரன், உரக்கடை வைத்திருக்கிறான் என்று சொன்னார்கள். நாச்சம்மாள் வழக்கம்போலக் கனகாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாள். "எம் பொண்ண நீதான் சாமி இன்னும் உசுரோட வெச்சிருக்கற," என்றாள். இந்த வார்த்தையை அவள் எப்போது சொன்னாலும் கனகா எழுந்து ஏதாவது வேலை பார்க்கப் போய்விடுவாள். அன்றும் போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தாள்.

மாதேவி அம்மாவைக் காப்பி குடிக்க விட்டுவிட்டுக் கனகாவை அடுப்பங்கரைக்கு இழுத்தாள்.

"ஏனுங்க்கா, எங்கக்கா எனக்கு ஒரு பாட்டுக் கட்டி வெச்சிருந்தாளே, ஞாபகம் இருக்குதுங்களா? மாப்ள வந்தாருன்னு வருமே."

"இல்லாம என்ன கண்ணு."

"எனக்கு மொத நாலு வரிதான் தெரியும். மிச்சத்தக் கல்யாணத்துல கேட்டுக்கன்னு சொன்னா. நலங்கு வெக்கறப்ப நீங்கதான் அத முழுசாப் பாடோணும். வேற யாருக்குங்க தெரியும்?"

"பாடறேன் கண்ணு. அதுக்கென்ன," என்றாள் கனகா. யோசிக்கவே இல்லை. சொல்லிவிட்டுச் சந்தோஷமாகக்கூட இருந்தாள்.

அவர்கள் பஸ் ஏறிப் போன பிறகு, துணி மடித்துக்கொண்டே அந்தப் பாட்டை முனகினாள். முதல் சரணம் வந்தது. இரண்டாவதை எடுத்தாள். வாயில் வந்தது அவளுடைய சொந்தப் பாட்டின் இரண்டாவது சரணம். நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தாள். மறுபடியும் கண்ணீர், விளக்கு, காற்றில் அணைந்த திரி. வேகமாகப் பாடிப் பார்த்தாள்; இரண்டு வார்த்தை பூங்குழலியுடையது, மூன்றாவது வார்த்தையில் தன்னுடையது வந்து உட்கார்ந்துகொண்டது. எத்தனை சாவு வீட்டில் பாடியிருக்கிறாள்! அந்த மெட்டைத் தொட்டாலே நாக்கு தன் வழியில் போயிற்று.

கனகா மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கடையிலிருந்து வந்த முனிராஜ், "என்னாச்சு, யாரு போயிட்டாங்க?" என்று கேட்டான். சாவுச் செய்தி வரும் வீடுதானே அது.

"பூங்குழலி," என்றாள். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

திங்கட்கிழமை பஸ்ஸில் எல்லாரிடமும் கேட்டாள். பழைய ஆட்கள் பாதிப் பேர்தான் இருந்தார்கள். இருந்தாலும் ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். பின் சீட்டில் இருந்தவள், "சட்டைக்குப் பித்தான்னு ஒண்ணு வருமே," என்றாள். இன்னொருத்தி, "தாறுமாறாப் போட்டாரு," என்று முடித்தாள். "எங்க மாதேவி கைவெச்சு மாத்திப் போட்டா, எட்டூரு கேட்கச் சிரிச்சாரு" என்று ரங்கம்மா தன் கன்னடத் தமிழில் இரண்டு வரியையும் போட்டுத் தள்ள, எல்லாரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். கனகாவுக்கு உயிர் வந்தது. மூன்றாவது சரணத்துக்கும் மூன்று வரி தேறிவிட்டது.

பந்தியில குந்திப் பாயசம் கேட்டாரு
பக்கத்து எலையையும் பாத்தாரு
போதுமா மாப்ளேன்னு பெரியாத்தா கேட்டா

அதோடு நின்றது. பஸ் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பூங்குழலி எந்த இடத்தில் நின்றுகொண்டு முகங்களைப் பார்ப்பாள் என்பது எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. டிரைவர் பிரேக் போட்டது ஞாபகம் இருந்தது. யாருக்கோ சிரித்துச் சிரித்துப் புரையேறியது ஞாபகம் இருந்தது. வரி யாருக்கும் ஞாபகம் இல்லை.

"நீதானே பக்கத்துல கூத்துண்டு, அவகூடவே உக்காந்துண்டு இருந்தே," என்றாள் ரங்கம்மா. "உனக்கே மறந்தோய்த்துன்னா எங்களுக்கு எப்டி வரும்?"

அவள் குற்றம் சொல்வதற்காகச் சொல்லவில்லை. இருந்தாலும் கனகா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது மாதேவி போன் பண்ணினாள். மாப்பிள்ளையின் அத்தை ராமக்காளுக்கு விஷயம் தெரிந்துவிட்டதாம். "நல்ல காரியத்துல சாவு மெட்டு ஆவாது" என்று ஒரே பிடியாக நின்றாளாம். மாதேவியும் விடவில்லை. இது எனக்காகக் கட்டின பாட்டு, சாவுப் பாட்டுத்தான் இதிலிருந்து எடுத்தது என்று சொல்லிச் சண்டை போட்டிருக்கிறாள். கடைசியில் பெண்கள் மட்டும் இருக்கும்போது, வேகமாக, சிரிப்புப் பாட்டாகவே பாடுவதென்றால் சரி என்று ராமக்காள் இறங்கி வந்தாளாம்.

"முழுசும் கெடச்சிருச்சுங்களாக்கா?" என்று மாதேவி கேட்டாள்.

கனகா இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். "கெடச்சிருச்சு கண்ணு. கடைசி வரிக்குத்தான் பஸ்ஸே குலுங்கும், நீயே பாரு," என்றாள். சொல்லிவிட்டு அந்த ஒரு வரியைத் தானே எழுதினாள்: 'பொண்ணுக்கும் சேத்துத்தான்னு சொன்னாரு'. மோசமில்லை. கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும். வார்த்தை எடுத்துக் கொடுப்பதுதானே தன் வேலை, பூங்குழலி இருந்திருந்தால் கேட்டிருக்க மாட்டாளா என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். மனது தேறவில்லை. அவளுடைய மெட்டை எடுத்தது போதாது என்று, இப்போது அவள் பேரில் தன் வரியையும் விற்கப் போகிறோம் என்றுதான் திரும்பத் திரும்பத் தோன்றியது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தப் பாட்டை வேகமாகச் சொல்லிச் சொல்லிப் பழகினாள்.

கல்யாணம் ராமாபுரத்து மண்டபத்தில். முதல் நாள் சாயங்காலம் மாதேவியை மணையில் உட்கார வைத்துக் கன்னத்திலும் கையிலும் மஞ்சள் பூசி நலங்கு வைத்தார்கள். சுற்றிலும் இரண்டு வீட்டுப் பெண்களும். ராமக்காள் முன் வரிசையில் நலங்குத் தட்டுக்குப் பக்கத்தில் காவல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். கனகா எழுந்ததும் நாச்சம்மாள் முந்தானையை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டாள். பாவம், கனகா எழுந்தால் அழ வேண்டும் என்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது.

கனகா கையைத் தட்டிக்கொண்டு வேகமாக எடுத்தாள். மாப்ள வந்தாரு மைசூரு வண்டியில. முதல் வரிக்குப் பெண்கள் முகத்தில் ஒரு குழப்பம். எங்கேயோ கேட்ட மெட்டு. மணமேடை எங்கேன்னு கேட்டாரு என்றதும் ஒரு மூலையில் சிரிப்புக் கிளம்பியது. இரண்டாவது சரணத்தில் பித்தானுக்கு நன்றாகவே சிரித்தார்கள். ராமக்காளே, "எங்க பையன் அப்படிப்பட்டவந்தான்," என்று சொல்லிவிட்டாள். மாதேவி மஞ்சள் பூசிய முகத்தோடு கனகாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் இருந்த ஆசையைக் கண்டு கனகாவுக்கு நடுக்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. எல்லாம் சரியாகிவிடும் என்று அப்போது உண்மையாகவே நம்பினாள்.

மூன்றாவது சரணம். பந்தியில குந்திப் பாயசம் கேட்டாரு. பக்கத்து எலையையும் பாத்தாரு. போதுமா மாப்ளேன்னு பெரியாத்தா கேட்டா.

பூங்குழலி நிறுத்துகிற மாதிரியே நிறுத்தினாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "சொல்லும்மா, சொல்லும்மா," என்றது கூட்டம். மாதேவி உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பதற்குத் தயாராக முன்னால் குனிந்தாள். எழுதி வைத்திருந்த வரி கனகாவின் மனதில் தெளிவாக இருந்தது. ஆனால் நின்ற இடத்தில் மெட்டின் வேகமும் நின்றுவிட்டது. கனகா வாயைத் திறந்தபோது நாக்கு வருடக்கணக்காகப் போன வழியிலேயே போயிற்று. மெதுவாக, இழுத்து, அழகாக, தாரகை ஆனேன்னு சொல்லிவிட்டாள் என்று அவள் பாடி முடித்துவிட்டாள்.

 நாச்சம்மாள், "ஐயோ எஞ்சாமி," என்று கத்திவிட்டாள். அவ்வளவுதான். ராமாபுரத்துப் பெண்கள் எல்லாரும் அழ ஆரம்பித்தார்கள். அவர்களைப் பார்த்து ஹனூர்ப் பெண்களும் அழுதார்கள். இடி விழப் போகிறது என்று கனகா ராமக்காளைப் பார்த்தாள். ராமக்காள் எழுந்து வந்து கனகாவைக் கட்டிக்கொண்டாள். "அழுவாத தாயி, தங்கச்சி கல்யாணத்துல அக்காள நெனைக்காம இருக்க முடியுமா? நாந்தான் என்னென்னமோ பேசிப்போட்டேன்," என்று சொல்லிக் கனகாவின் கண்ணைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். கனகா அழவே இல்லை. துடைக்கிற இடத்தில் ஈரம் இல்லை என்பதை ராமக்காள் கவனிக்கவும் இல்லை. யாரோ ஒருத்தி, அந்தப் பாட்டையே முழுசாக ஒருதரம் பாடச் சொன்னாள். இரண்டு மூன்று போன்கள் அவள் பக்கம் உயர்ந்தன.

கனகாவை யாராவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தட்டைத் தூக்கி எறிந்து, வெளியே போ என்று சொல்லியிருந்தால் அவள் வணங்கிவிட்டுப் போயிருப்பாள். எல்லாரும் பாராட்டினார்கள். ஒரு வயதான அம்மாள் அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். கனகாவுக்கு அந்தக் கூட்டத்திலிருந்து பிய்த்துக்கொண்டு வரத் தெரியவில்லை. போனை இறக்குங்கள் என்று மட்டும் சொன்னாள். அதையும் யாரும் காதில் வாங்கவில்லை.

அழாமல் இருந்தவள் மாதேவி மட்டும்தான். சொந்தக்காரர்கள் நாச்சம்மாளைத் தேற்ற அந்தப் பக்கம் நகர்ந்த பிறகு, மணையிலிருந்து எழாமலே கையை நீட்டிக் கனகாவைக் கூப்பிட்டாள். கனகா போய் அவள் முன்னால் உட்கார்ந்தாள்.

"பஸ்ஸே குலுங்கும்னு சொன்னீங்களேக்கா. அது இந்த எடந்தானுங்களா?"

"ஆமா கண்ணு."

"அக்கா அங்க என்ன சொல்லுவா?"

அந்த வரி கனகாவிடம் இன்னும் இருந்தது. பொண்ணுக்கும் சேத்துத்தான்னு சொன்னாரு. சொன்னால் மாதேவி நம்பிவிடுவாள், சிரித்தும் விடுவாள், நாளைக்குத் தாலி ஏறும்போது அதை நினைத்து மறுபடியும் சிரிப்பாள். கனகா அந்த முகத்தைப் பார்த்தாள். பொய் வரவில்லை.

"தெரியல கண்ணு. யாருக்கும் தெரியல. என் பாட்டப் பாடிப் பாடி அத நான் தொலைச்சிட்டேன்."

மாதேவி கோபப்படவில்லை. கையில் காய்ந்துகொண்டிருந்த மஞ்சளை நகத்தால் சுரண்டினாள்.

"எனக்குன்னு அவ செஞ்சு வெச்சது அது ஒண்ணுதானுங்க்கா," என்றாள்.